கப்பி கிடக்குது, கயிறு எங்க? புயலுக்கு முதல் கிணத்தடிக்குப் போங்கோ

வணக்கம், வணக்கம். இண்டைக்குச் சமையலும் இல்லை, சந்தையும் இல்லை. போன வீடியோவில கிணத்துக் கயிறைக் காட்டினதுக்குக் கீழ எழுதியிருக்கிறியள், "இந்தக் காலத்தில ஆர் அள்ளுறது, மோட்டர் இருக்குத்தானே" எண்டு. ஒராள் சிரிக்கிற மூஞ்சை நாலு போட்டிருக்கு. சரி, கறண்ட் இல்லாட்டி மோட்டர் வாயால ஊதினால் ஓடுமோ?

2025 கார்த்திகையில டிட்வா புயல் வந்தது மறந்துபோச்சோ? கன இடத்தில கறண்டும் இல்லை, போனும் இல்லை. மெழுகுதிரி, பிஸ்கற், ரின் மீன் எல்லாம் அடுக்கி வைப்பினம். தண்ணிக்கு மட்டும் கிணத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நிப்பினம்.

இப்ப இந்தக் கயிறைப் பாருங்கோ. அரை இஞ்சி மொத்தம். இதைவிட மெல்லிசு கையை அறுக்கும். அந்த நீலப் பிளாஸ்ரிக் கயிறு எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது. நனைஞ்சால் வழுக்கும், வெய்யில் குடிச்சது பிடிக்கேக்க தூளாக் கொட்டும். தும்புக் கயிறு பிடிக்கச் சுகம், ஆனால் ஈரத்தோட சுருட்டி வைச்சால் உள்ளுக்க உக்கிப்போகும். முறுக்கைப் பிரிச்சுப் பாருங்கோ, உள்ளுக்குக் கறுத்திருந்தால் எறிஞ்சுபோட்டு வேற வேண்டுங்கோ. நீளம் கிணத்தின்ர ஆழத்துக்கு மேல இரண்டு பாகம், ரெண்டு கையையும் விரிச்ச நீளம்தான் ஒரு பாகம். மாரியில தண்ணி மேல வந்திடும், உண்மைதான். அதுக்காகக் கட்டையா வெட்டினால் கோடையில என்ன செய்வியள்?

பிளாஸ்ரிக் வாளி எண்டால் மிதக்கும், சரியாது, தண்ணி ஏறாது. விளிம்பில ஒரு பக்கம் துளை போட்டு ஒரு பெரிய போல்ற்றை இறுக்கிவிடுங்கோ. விழுந்த உடன அந்தப் பக்கம் தாழும். இந்த ஒரு போல்ற்றில எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு உங்களுக்கு விளங்காது! கப்பி இறுகிக் கிடந்தால் தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு. கிறீஸ் பூசாதேங்கோ, குடிக்கிற தண்ணிக்க ஒழுகும்.

பொறுங்கோ, தாங்கியைச் சொல்ல மறந்திட்டன். காத்துக்கு முதல் முட்ட நிரப்புங்கோ. ஆயிரம் லீற்றர் எண்டால் ஒரு தொன் பாரம், அசையாது. வெறும் தாங்கி பறந்துபோய்ப் பக்கத்து வளவு ஓட்டை உடைக்கும். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளுக்கு மூண்டு லீற்றர் மூடின பிளாஸ்ரிக் கானில தனிய வையுங்கோ. நாலு பேர், மூண்டு நாள், 36 லீற்றர். நெடுந்தீவு ஆக்கள் அதை இரட்டிப்பாக்குங்கோ, கடல் கொந்தளிச்சால் குறிகட்டுவான் துறையில இருந்து தீவுக்குப் படகு ஓடாது. மோட்டரையும் கழட்டி உயரத்தில வையுங்கோ. முற்றத்தில தண்ணி ஏற முதல், கை காய்ஞ்சிருக்கேக்க, மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ.

புயலுக்குக் காத்து எந்தப் பக்கத்தால அடிக்குமெண்டு கேட்டிருந்தியள். புயல் கிழக்கால வந்து எங்கட யாழ்ப்பாணத்துக்குத் தெற்கால கடந்தால், வாடை, அதுதான் வடக்குக் காத்து, கொண்டலா, அதாவது கிழக்குக் காத்தாத் திரும்பி, பேந்து தென்கிழக்கால அடிக்கும். வடக்கால கடந்தால் கச்சானா, அதாவது மேற்குக் காத்தாத் திரும்பும். நடுக்கண் நேர மேலால வந்தால் எல்லாம் அடங்கும். அந்த நேரம் வெளியில போய்க் கூரைச் சீற் பார்க்க வெளிக்கிடாதேங்கோ, எதிர்ப் பக்கத்தால திரும்ப அடிக்கும். புயல் கடந்திட்டு எண்டு கிணத்துக் கயிறைக் கழட்டவும் வேண்டாம். 2020 மார்கழியில புரெவி கரை கடந்த பிறகும் மன்னார் வளைகுடாவில நிண்டுகொண்டு மழையைக் கொட்டினது.

கண்ணாடிக்கு டேப் ஒட்டுறது வீண் வேலை. ஒட்டினாலும் உடையும், துண்டு பெரிசா விழும். பலகை அடிக்க ஏலாட்டி யன்னலைப் பூட்டி உள் அறையில இருங்கோ. ஜெனரேற்றரை வீட்டுக்க ஓடவிடாதேங்கோ, புகையில மணமில்லாத நஞ்சு கிடக்குது.

வெள்ளம் வடிஞ்ச பிறகுதான் கன பேர் பிழை விடுகினம். வெள்ளம் கட்டுக்கு மேலால ஏறாட்டிலும் கிணத்துத் தண்ணியை நம்பாதேங்கோ. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், மலகூடக் குழியில இருந்து வெடிப்புகளுக்கால வரும். தெளிவாத் தெரிஞ்சாலும் நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கவேணும். குளோரின் போட பி.எச்.ஐ.யிட்ட, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட, சொல்லுங்கோ. உடன மோட்டரைப் போட்டு முழுக்க இறைக்கவும் வேண்டாம். சுத்தவர நிலம் ஊறிக் கிடக்கேக்க கிணறு வெறுமையானால் வெளி அழுத்தத்தில கட்டு உள்ளுக்கு இடியும். கரையோரத்தில கூட இறைச்சால் உப்பும் ஏறும்.

அவசரமெண்டால் அனர்த்த முகாமைத்துவம் 117, அம்புலன்ஸ் 1990. கடதாசியில எழுதிச் சுவரில ஒட்டுங்கோ, போன் சார்ச் இல்லாமல் கிடக்கும்.

சரி, தூறுது, கமரா நனையுது, நான் வாறன்... ஐயோ, நில்லுங்கோ. கயிற்றின்ர மற்றத் தலைப்பைத் தூணில கட்டினனியளோ? கட்டாட்டி வாளியும் கயிறும் ரெண்டும் கிணத்துக்கதான்.