ஜன்னலைத் திறக்கும் முன் ஸ்டீம் டிராப்பைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1882 முதல் தெருவுக்கு அடியில் குழாய் வழியாக நீராவி ஓடுகிறது. எம்பயர் ஸ்டேட் கட்டடம் உட்படப் பல பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காலத்தில் சூடு அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஜனவரியில் அந்தப் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள், உறைபனியிலும் சில மாடிகளில் ஜன்னல் திறந்திருக்கும். உள்ளே அவ்வளவு புழுக்கம். அதே கட்டடத்தின் வேறொரு மூலையில் ஒருவர் கோட்டைக் கழற்றாமல் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி ஆனால் பழைய கருவியை எல்லாம் மாற்றவேண்டும் என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். நான் முதலில் ஸ்டீம் டிராப்பைப் பார்க்கச் சொல்வேன். அறையைச் சூடாக்க நீராவி வந்து நிரம்பும் இரும்புக் கருவிதான் ரேடியேட்டர்; ஒவ்வொன்றின் வெளிவாயிலிலும் கைக்குள் அடங்கும் அளவில் அந்த டிராப் இருக்கும். ஒரு கிலோ நீராவி 100 டிகிரியில் தண்ணீராக மாறும்போது சுமார் 2,257 கிலோஜூல் வெப்பத்தைத் தருகிறது. அந்தத் தண்ணீர் 60 டிகிரிக்கு ஆறினால் கிடைப்பது ஏறக்குறைய 170 கிலோஜூல்தான். ஆகவே நீராவி ரேடியேட்டருக்குள்ளேயே தண்ணீராகவேண்டும். காற்றையும் தண்ணீரையும் வெளியே விட்டு, நீராவி வந்து தொட்டதும் மூடிக்கொள்வதுதான் டிராப்பின் வேலை.

அது திறந்தபடியே பழுதாகிவிட்டால்? நீராவி நேராகத் தண்ணீர் திரும்பும் குழாய்க்குள் புகுந்துவிடும். அங்கே அழுத்தம் ஏறினால், மற்ற ரேடியேட்டர்களில் இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. நீராவி உள்ளே வரமுடியாமல் அவை சில்லென்று கிடக்கும். புகார் வந்ததும் பராமரிப்பாளர் அழுத்தத்தைக் கூட்டுவார். ஏற்கெனவே சூடாக இருந்த அறைகள் இன்னும் கொதிக்கும், அப்புறம் ஜன்னல் திறக்கும். உண்மையில் இவ்வகைக் கட்டடங்கள் பலவற்றுக்கு 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) அழுத்தமே தாராளம்.

குளிர் தொடங்கியதும், உச்சத்துக்கு வருவதற்குள், ஒவ்வொரு டிராப்பின் இரு பக்கமும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே கொதிப்பு என்றால் உள்ளிருக்கும் பாகத்தை மாற்றவேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள், மிச்சமிருக்கும் பழுதான டிராப்புகள் திரும்பும் குழாயில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2009-ல் தொடங்கிய சீரமைப்பில் 6,514 ஜன்னல்களையும் கட்டடத்துக்குள்ளேயே புதுப்பித்தார்கள். ரேடியேட்டருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே வெப்பத்தைத் திருப்பியனுப்பும் தடுப்பு வைத்தார்கள். சுவரைச் சூடாக்கி என்ன பயன்?

இன்னொன்று எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது. தெருக்குழாயிலிருந்து வரும் நீராவி தண்ணீரான பின், பல கட்டடங்களில் அது சாக்கடைக்குப் போகிறது. அங்கே சுமார் 65 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை விடக்கூடாது என்பதால், நல்ல குடிநீரைக் கலந்து ஆறவைக்கிறார்கள். வெப்பமும் போச்சு, குடிநீரும் போச்சு. கைகழுவும் குழாய்க்குப் போகிற குளிர்ந்த நீரை ஒரு வெப்பமாற்றி வழியாக விட்டு, அதை இந்தச் சூட்டால் முதலில் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளலாம். அதற்கு அடித்தளத்தில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும்.