கில்பெக்: 85 கல்முகங்கள் காக்கும் சிற்றூர் ஆலயம்

(காட்சி: வயல்களுக்கு நடுவே சிவந்த கல் ஆலயம்)

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், ஹியர்ஃபோர்டு நகருக்குத் தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில், கில்பெக் என்ற சிற்றூர் இருக்கிறது. சில வீடுகள், வயல்கள், பாழடைந்த கோட்டையின் மண்மேடு, அதன் அருகே புனித மரியா, புனித தாவீது ஆகிய இருவரின் பெயரையும் தாங்கிய பங்கு ஆலயம் ஆகியவையே இந்த ஊர். தாவீது வேல்ஸ் நாட்டின் பாதுகாவலர். இந்தப் பகுதி முன்பு வெல்ஷ் மக்களின் ஏர்கிங் அரசைச் சேர்ந்தது.

1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர், வேல்ஸ் எல்லையைக் காக்க இங்கே கோட்டை எழுப்பினர். அதற்கு உரியவரான ஹியூ என்ற பிரபுவின் காலத்தில், ஏறத்தாழ 1140-இல், இந்த ஆலயம் கட்டப்பட்டது. கோட்டையில் சில சுவர்த்துண்டுகளே மிஞ்சியிருக்க, ஆலயமோ பெரிய மாற்றம் எதுவுமின்றி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

(காட்சி: தெற்கு வாசல்)

இந்த வாசலை அவசரமின்றிப் பார்க்க வேண்டும். மேலே அரைவட்டக் கல்லில் கொடிபோல் கிளைத்த வாழ்வின் மரம். இடப்பக்கத் தூணில் கொடிகளுக்குள் சிக்கிய இரண்டு வீரர்கள். வலப்பக்கத் தூணின் தலைப்பில், வாயிலிருந்து தழைகள் புறப்படும் ஒரு முகம். ஒரு விரற்கடை இடத்தைக்கூடச் சிற்பி வெறுமையாக விட்டுவைக்கவில்லை.

(காட்சி: இறவாரத்தின் கீழ் வரிசை)

கூரையைச் சுற்றிலும், இறவாரத்துக்குக் கீழே, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு கூரையின் ஓரத்தைத் தாங்கும், உருவங்கள் செதுக்கிய 85 தாங்குகற்கள் எஞ்சியிருக்கின்றன. திருச்சிலுவையுடன் நிற்கும் ஆட்டுக்குட்டி ஒன்றில். நரம்புக் கருவி வாசிப்பவர் ஒன்றில். இன்னொன்றில், பெரிய வட்டக் கண்களுடன் நண்பர்களாக ஒட்டி நிற்கும் நாயும் முயலும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இணைதான். சற்றுத் தள்ளி, தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் ஷீலா-ந-கிக் உருவம் இருக்கிறது. காமத்துக்கு எதிரான எச்சரிக்கை, தீமையை விரட்டும் காவல், வளமையின் அடையாளம் என்று அதற்கு அறிஞர்கள் பலவாறு பொருள் கூறுகின்றனர்.

இந்தக் கற்கள் இருந்த இடத்திலேயே இருந்ததன் அருமை, இதே மாவட்டத்தின் ஷாப்டன் கிராமத்தைப் பார்த்தால் புரியும். இதே சிற்ப மரபில் எழுந்த அங்குள்ள ஆலயம் 1750-களில் இடிக்கப்பட்டு, அதன் வளைவுகள் குன்றின் மேல் அலங்காரத்துக்காகத் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டன; மழையிலும் பனியிலும் அவற்றின் உருவங்கள் பெரும்பாலும் கரைந்துபோயின. அந்த மரபினரின் உளிவேலையைக் கூர்மை குன்றாமல் காண விரும்புவோர் இன்று கில்பெக்குக்கே வருகின்றனர்.