விரல் பதியாத நாள்கள்

(மனிதவள மேலாண்மை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். இன்னும் சில மாதங்களில் வேலைக்குப் போய்விடுவீர்கள். முதல் நாளே உங்கள் கைக்கு ஒரு எக்செல் ஷீட் வரும். வருகை, லீவு, ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை, வேலையை விட்டு நின்றவர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஷீட்டைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் வாசலில் விரல்ரேகை மெஷின் வைத்தோம். சாயப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். வருஷக்கணக்கில் சோடாவிலும் சாயத் தண்ணீரிலும் ஊறி அவர் விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை நிற்கும், ஷிப்ட் மணி அடித்துவிடும், அப்படியே உள்ளே போய்விடுவார். எட்டு மணி நேரம் உழைத்த நாளில் அவர் பெயருக்கு நேரே ‘ஆப்சென்ட்’. மாதக் கடைசியில் வருகைப் படி போயிற்று. அந்த ஷீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் நேரில் வந்து கையை விரித்துக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் பெரிய நிறுவனங்களுக்கு வருவோம். 2021 மே மாதம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு ஓர் அறிக்கை முறையை அறிவித்தது. பி.ஆர்.எஸ்.ஆர்., அதாவது தொழில் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை என்பார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் இது கட்டாயம். சமூகப் பொறுப்பு என்றாலே கம்பெனிச் சட்டம் சொல்லும் 2 சதவீதச் செலவுதான் நம் நினைவுக்கு வரும். அது லாபத்தை எங்கே கொடுத்தீர்கள் என்ற கேள்வி. அந்த லாபம் வந்த வழியில் தொழிலாளி எப்படி இருந்தார் என்பதைப் பி.ஆர்.எஸ்.ஆர். கேட்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைநிலைச் சம்பளம் (எல்லோர் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) என்ன, பேறுகால விடுப்பு முடிந்து எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை புகார் வந்தது. முழு மனதோடு இதை வரவேற்கிறேன்.

ஆனால் ஓர் இடத்தை நிதானமாகப் படியுங்கள். வருஷத்தில் எத்தனை சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்ற கேள்வி நிரந்தரத் தொழிலாளர்களைப் பற்றி மட்டும்தான். கான்ட்ராக்ட் ஆட்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறினாலும் அந்தக் கட்டத்தில் தெரியாது. விபத்துக் கணக்கு அப்படியில்லை. கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்கச் சொல்கிறது. பத்து லட்சம் வேலை மணிக்கு எத்தனை காயம் என்று வகுக்க வேண்டும். 500 பேர் தலைக்கு 2000 மணி நேரம் உழைத்தால் பத்து லட்சம். அந்த மணிக்கணக்கு கான்ட்ராக்டரின் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். கை நசுங்கிய ஆளை ‘லீவு’ என்று எழுதிவிட்டால் அந்தக் காயம் கணக்கிலேயே இல்லை.

பாலியல் தொல்லைப் புகார் பூஜ்யம் என்று ஷீட் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ராத்திரி ஷிப்ட் பெண்களுக்குத் தெரியுமா என்று போய்க் கேளுங்கள்.

கராச்சியில் 2012 செப்டம்பர் 11 அன்று அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். சோதனைப் பட்டியல் நிரம்பியிருந்தது, கதவு திறக்கவில்லை. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எங்கள் ஆலையில் அந்த அக்கா கையை விரித்துக் காட்டிய பிறகு ஒன்று செய்தோம். சம்பளம் போடுவதற்கு மூன்று நாள் முன்னால் ஒவ்வொருவர் கையிலும் அவருடைய வருகை, ஓ.டி. கணக்கைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தோம். தப்பு இருந்தால் பேனாவால் சுழித்துக் கொண்டுவாருங்கள் என்றோம். முதல் மாதம் என் மேஜைக்கு முன்னால் வரிசை கேன்டீன் வரை நின்றது. அந்த அக்காவும் வந்தார். நான்கு நாளைச் சுழித்திருந்தார். நான்கும் அவர் வேலைக்கு வந்த நாள்கள்.