வேஸ்ட் என்ற சொல் வந்த வழி

(சென்னிமலையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. உள்ளே வரும்போது வாசலில் ஒருவர் இன்னொருவரிடம், "வேஸ்ட் கிலோ என்ன போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேறு ஊராக இருந்தால் குப்பைக்கு ஏது விலை என்பார்கள். நம் பக்கம் வேஸ்ட் என்றால் சரக்கு.

என் அத்தை திருப்பூரில் ஒரு வேஸ்ட் குடோனில் வேலை பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்து, பனியன் கட்டிங் துண்டு ஒவ்வொன்றையும் விரலால் ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். ரப்பர் மாதிரி நீண்டால் லைக்ரா, அது ஒரு பக்கம். நீளாதது காட்டன். அப்புறம் வெள்ளை தனி, கறுப்பு தனி, சிவப்பு தனி. அந்தச் சிவப்புத் துண்டைக் கிழித்துப் பஞ்சாக்கி ஓ.இ. என்கிற ஓப்பன் எண்ட் நூல் மில்லில் ஓட்டினால் சிவப்பு நூலே வரும், சாயம் போட வேண்டியதில்லை. இவ்வளவும் அத்தையின் விரலில் இருந்த படிப்பு. அதற்குப் பெயர் வேஸ்ட் பிரிக்கிற வேலை!

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் வாஸ்டஸ் என்றால் வெறுமையானது, பாழ்பட்டது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது முதலில் நிலத்தைத்தான் குறித்தது. ஆள் இல்லாத, பயிர் இல்லாத நிலம். குப்பை என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. நேரத்தை வீணாக்குவதற்கும் அதே சொல். மருத்துவத்தில் உடம்பு உருகித் தேய்வதற்கும் அதுதான். தேசியக் குடும்பநல ஆய்வில், உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாத குழந்தையை இந்தச் சொல்லால்தான் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் குழந்தைக்குச் சோறு வேண்டும். நாமோ மார்க் குறைந்த பிள்ளையைப் பார்த்து "இவன் வேஸ்ட்டுங்க" என்று விருந்தாளி முன்னால் சொல்கிறோம். தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளைக்கு அது காதிலேயே தங்கிவிடும்.

சட்டத்தில் இதற்கு இன்னொரு பொருள் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 66ஆம் பிரிவு. அடமானம் வைத்த சொத்து வைத்தவர் அனுபவத்திலேயே இருக்கிறது. அது தானாகத் தேய்ந்தால் அவர் மேல் பொறுப்பு இல்லை. ஆனால் கடனுக்கு ஈடு போதாமல் போகிற அளவுக்கு நிரந்தரக் கேடு எதையும் அவர் செய்யக் கூடாது. பிரிவின் தலைப்பில் நிற்கும் சொல் வேஸ்ட். அங்கே அது பொருளின் பெயர் அல்ல, கையில் வைத்திருப்பவர் செய்யும் கேட்டின் பெயர்.

நொய்யல் நம் கையில் இருந்த ஆறு. 1992இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். அதில் திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து நின்றது. சுற்றுவட்டக் கிணறுகள் உப்பாயின. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது. அந்தச் சாயத்தில் நனைந்த பனியனைத்தான் நானும் போட்டு வளர்ந்தேன். அதனால் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அணைக்குக் கீழே ஒரு பெரியவர் தன் கிணற்றிலிருந்து ஒரு வாளி மொண்டு என் முன்னால் வைத்தார். ஒரு வாய் வைத்தேன், விழுங்க முடியவில்லை. அவர் தன் விவசாயக் காட்டில் தென்னை நின்ற இடத்தைக் கைகாட்டினார்.

"காடே வேஸ்ட்டாப் போச்சுங்க தம்பி" என்றார்.