மிக்சி நின்னுபோச்சா? மோட்டாரைத் திட்டுறதுக்கு முன்னாடி

[திரை: சமையலறை மேடையில் மிக்சி. பிளக் சுவரிலிருந்து பிடுங்கி வெளியே கிடக்கிறது.]

தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டிருக்கும்போது மிக்சி நின்னுபோச்சு. உடனே "மோட்டார் போச்சு"ன்னு முடிவுகட்டிடுறோம். ஆனா கடைசியாச் சந்தேகப்பட வேண்டியதுதான் மோட்டார். கோளாறு எங்கன்னு பெரும்பாலும் சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடலாம்.

சத்தமே இல்லன்னா, மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரல. மோட்டார் வேகமா ஓடுது, பிளேடு மட்டும் சுத்தலன்னா, ரெண்டையும் இணைக்கிற கப்ளர். 'உம்ம்'னு முனகிட்டு நின்னா, ஜாரைக் கழட்டிட்டு ஒரு நொடி ஓட்டிப் பாருங்க. ஜார் இல்லாம ஓடினா, பிளேடு இறுகியிருக்கு. விட்டு விட்டு ஓடுது, காத்துப்போற ஓட்டை வழியா நிறையப் பொறி தெரியுதுன்னா, கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரோட சுத்துற பாகத்துக்கு உரசிக்கிட்டே மின்சாரம் கொடுக்குற கரித்துண்டு.

ஒரே ஒரு விதி. கை உள்ள போறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது.

[திரை: மிக்சியின் அடிப்பகுதி. சின்னப் பட்டன்.]

சத்தமே இல்லாத மிக்சியிலிருந்து ஆரம்பிப்போம். முதல்ல அதே சாக்கெட்டுல கெட்டிலைப் போட்டுப் பாருங்க. கெட்டில் வேலை செஞ்சா, மிக்சியைக் கவுத்துப் பாருங்க. அடியில சிவப்பாவோ கறுப்பாவோ ஒரு பட்டன் இருக்கும். அதுதான் ஓவர்லோடு பட்டன். மோட்டார் அளவுக்கு மேல மின்சாரம் இழுத்தா அதுவே வெளிய துள்ளிடும். பத்து நிமிஷம் ஆற விட்டு அழுத்துங்க. திரும்பத் திரும்பத் துள்ளுதுன்னா மாவு கெட்டியா இருக்கு, இல்ல ஜார் நிறைஞ்சிருக்கு, இல்ல பிளேடு இறுகுது. பல மிக்சியோட லேபிள்ல '30 நிமிடம், 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு'ங்கிற மாதிரி போட்டிருப்பாங்க. அதாவது 5 நிமிஷம் ஓட்டி 2 நிமிஷம் நிறுத்தி, இப்படி மொத்தம் 30 நிமிஷம் வரைக்கும்தான். அது அலங்காரத்துக்குப் போட்டதில்ல. மஞ்சள் அரைக்கிறவங்க அதைக் கொஞ்சம் படிச்சா நல்லது.

அடுத்து ஃபியூஸ். சிங்கப்பூர்ல நாம பயன்படுத்துற சதுரக் கால் பிளக்குக்குள்ள 25 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு ஃபியூஸ் இருக்கு. மின்சாரம் அளக்குற கருவியான மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்குற 'பீப்' நிலையில வச்சு ஃபியூஸோட ரெண்டு முனையையும் தொடுங்க. பீப் வரலன்னா ஃபியூஸ் போச்சு. 750 வாட் மிக்சி 230 வோல்ட்டுல சுமார் 3.3 ஆம்பியர் இழுக்கும். யாராவது 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தா அது தாங்காது. லேபிளோ கையேடோ சொல்ற அளவையே போடுங்க. புது ஃபியூஸும் உடனே போச்சுன்னா, இன்னும் பெருசு போடாதீங்க. வயர்லயோ உள்ளயோ ஷார்ட் இருக்கு.

ஊர்லேருந்து கொண்டுவந்த மிக்சின்னா ஒரு வார்த்தை. இந்தியாவும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்ல. பிரச்சினை உருண்டைக் கால் பிளக். லொடலொடன்னு ஆடுற அடாப்டர்ல சொருகினா அந்த இடம் சூடாகி உருகும். பிளக்கை வெட்டிட்டு, பாதுகாப்புக் குறி உள்ள 13 ஆம்பியர் பிளக் போட்டுடுங்க. மூடியைத் திறந்து, எர்த் முனை மேல இருக்குற மாதிரி வச்சுப் பார்த்தா, ஃபியூஸ் இருக்குற வலது பக்கம் பழுப்பு, இடது பக்கம் நீலம், மேல பச்சை மஞ்சள். பழைய வயர்ல பழுப்புக்குப் பதில் சிவப்பு, நீலத்துக்குப் பதில் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. வயரோட வெளி உறை கிளிப்புக்குள்ள பிடிபடணும். இல்லன்னா இழுக்குற இழுப்புல வயர் கழண்டுவரும்.

[திரை: வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் டிபி பெட்டி.]

மிக்சி போட்டதும் வீட்டுல மின்சாரம் போகுதா? வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரிச்சுக் கொடுக்குற டிபி பெட்டியில எந்த சுவிட்ச் கீழ விழுந்திருக்குன்னு பாருங்க. அந்த சாக்கெட் வரிசைக்கான சின்ன சுவிட்ச், அதாவது எம்சிபி மட்டும் விழுந்திருந்தா, ஷார்ட்டோ அதிகப் பளுவோ காரணம். 'டெஸ்ட்' பட்டன் இருக்குற, கசிவைக் கண்டா துண்டிக்கிற ஆர்சிசிபி விழுந்திருந்தா, மின்சாரம் எங்கயோ கசியுது. வீட்டு ஆர்சிசிபி 30 மில்லியாம்பியர் கசிவுக்குள்ள துண்டிச்சிடும். மிக்சியில இதுக்கு வழக்கமான காரணம், ஜாரிலிருந்து கீழ இறங்கின தண்ணி. ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டு மிக்சியைச் சோதிக்காதீங்க. ரெண்டு நாள் காத்தோட்டமா உலர விடுங்க. அப்புறம் பிளக் வெளிய இருக்கும்போதே, வேக சுவிட்சை 1-ல வச்சு, பிளக்கோட எர்த் காலுக்கும் மத்த ரெண்டு காலுக்கும் நடுவுல மல்டிமீட்டரை மின்தடை (ஓம்) நிலையில வச்சு அளந்து பாருங்க. மீட்டர் எண் எதுவும் காட்டக் கூடாது.

சிங்கப்பூர்ல 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகள்லயும் ஆர்சிசிபி கட்டாயம். நீங்க 1985 ஜூலைக்கு முன்னாடி கட்டின வீட்டுல இருந்தா, ஆர்சிசிபி இருக்கான்னு பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்க. இல்லன்னா, பொருத்துறது உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை. மிக்சியைப் பிரிக்கிற தைரியத்தை டிபி பெட்டியில காட்ட வேண்டாம்.

[திரை: தேய்ந்த கப்ளரும் புதிய கப்ளரும்.]

இப்போ கப்ளர். ஜாரையும் மோட்டாரையும் பிடிச்சுக்கிற பல்சக்கரம். ரப்பர் கருகின வாசனை, ஜாரடியில கறுப்புத் தூள், இதெல்லாம் பல் தேயுற அடையாளம். மாத்துறது சுலபம், ஆனா பாதிப் பேர் தப்பான பக்கம் திருப்பிப் புரியை உடைச்சிடுறாங்க. ஓட ஓட இறுகுற மாதிரிதான் புரி போட்டிருப்பாங்க. அதனால மோட்டார் சுத்துற திசையிலயே திருப்பினாதான் கப்ளர் கழலும். ஜார் இல்லாம ஒரு நொடி ஓட்டி, நிக்கும்போது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்த்துக்கோங்க. பல இந்திய மிக்சியில அது கடிகாரத் திசை.

பிளக்கைப் பிடுங்கிட்டு அடித்தட்டைத் திறங்க. திருகு ரப்பர் கால்களுக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம். மோட்டார் தண்டோட அடிமுனையில கீறல் இருந்தா, தட்டை ஸ்க்ரூடிரைவரை அதுல வச்சுப் பிடிச்சுக்கிட்டு மேல கப்ளரைத் திருப்புங்க. ஜாரோட கப்ளரும் தேஞ்சிருந்தா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. பழைய பல் புதுப் பல்லைச் சீக்கிரம் தின்னுடும். பல் எண்ணிக்கை ஒண்ணு மாறினாலும் பொருந்தாது, பழசைக் கையோட எடுத்துக்கிட்டே கடைக்குப் போங்க.

அடித்தட்டு திறந்திருக்கும்போதே பிரஷையும் பார்த்துடுங்க. வயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி கைப்பேசியில படம் எடுத்துக்கோங்க. பிரஷுக்குப் பின்னாடி ஸ்பிரிங் இருக்கு, விரலால மூடிக்கிட்டுக் கழட்டுங்க. கார்பன் 6 மில்லிமீட்டருக்குக் கீழ போயிருந்தா ரெண்டு பக்கமும் மாத்துங்க. நீளம், அகலம், தடிமன் மூணையும் அளந்து வச்சுக்கோங்க. மின்னணுச் சாமான் கடைகள் இருக்குற சிம் லிம் டவர் பக்கம் தேடும்போது மாடல் பேரைவிட அந்த மூணு அளவு உதவும்.

பிரஷ் உரசுற செம்புப் பட்டைகள் ஒரே சீரா பழுப்பா இருந்தா நல்லாயிருக்கு. கருகியிருந்தா மெல்லிய மணல்தாள். எமரித் தாள் வேண்டாம், அதோட துகள் மின்சாரத்தைக் கடத்தும். எண்ணெயும் வேண்டாம். பிரஷ் முனையில சின்ன நீலப் பொறி சகஜம். புது பிரஷ் போட்டும் பட்டையைச் சுத்தி நெருப்பு வளையம் ஓடினா ஆர்மேச்சர், அதாவது மோட்டாரோட சுத்துற பாகம், போச்சு. அதை மாத்துற செலவு பெரும்பாலும் புது மிக்சிக்குப் பக்கத்துல வந்துடும், நான் மாத்தச் சொல்லமாட்டேன்.

இறுகின பிளேடுக்கு வெந்நீரை ஊத்தி அரைமணி நேரம் வச்சு, மரக்கரண்டியால மெல்ல அசைங்க. பிளேடைப் பக்கவாட்டுல ஆட்டினா ஆடுதுன்னா, பிளேடோட தண்டைப் பிடிச்சிருக்கிற புஷ் தேஞ்சிருக்கு. அந்த வழியாத்தான் தண்ணி மோட்டாருக்குப் போகுது, கறுப்பு மசி சட்னிக்கும் வருது. பிளேடு, தண்டு, புஷ் மூணையும் ஒரே செட்டா மாத்துங்க.

எல்லாத்தையும் பூட்டினதும், ஜார்ல பாதி தண்ணி ஊத்திச் செய்தித்தாள் மேல பத்து நிமிஷம் வைங்க. தாள் நனையலன்னா, ஜாரை மிக்சியில வச்சு 1-ல ஒரு நிமிஷம் ஓட்டுங்க. திரும்ப எடுத்து ஜாரடியைத் தொட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா சட்னியை அரைக்கலாம்.