படை வந்தது, யாருக்காக?

நண்பர்களே, ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 1994-ல் ஹுட்டு தீவிரவாதிகள் டுட்சி சிறுபான்மையினரை இனப்படுகொலை செய்தார்கள். அந்த ருவாண்டா என்றதும் 'உலகமே கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது' என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். ஆனால் 1994 ஏப்ரலில் உலகம் அங்கே வரத்தான் செய்தது. படுகொலை தொடங்கிய ஒரு சில நாட்களுக்குள் பிரான்சும் பெல்ஜியமும் ஆயுதப் படைகளைத் தலைநகர் கிகாலியில் இறக்கின, வெளிநாட்டவர்களை விமானம் ஏற்றின, திரும்பிப் போய்விட்டன.

எச்சரிக்கை கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜனவரி 11 அன்றே, ருவாண்டாவில் ஏற்கெனவே இருந்த ஐ.நா. அமைதிப் படையின் தளபதி ரோமியோ டலேர் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார்: டுட்சிகளைக் கொல்லப் பட்டியல் தயாராகிறது, நம் படையில் இருக்கும் பெல்ஜிய வீரர்கள் சிலரைக் கொன்றால் பெல்ஜியம் ஓடிவிடும் என்று ஹுட்டு தீவிரவாதிகள் கணக்குப் போடுகிறார்கள், ஆயுதக் கிடங்குகளை நான் சோதனை போடப் போகிறேன் என்று. வேண்டாம் என்று பதில் வந்தது. ஏப்ரல் 7 அன்று பத்து பெல்ஜிய வீரர்களைக் கொன்றார்கள், கணக்கு அப்படியே பலித்தது.

கிகாலியில் கிசுகிரோ என்ற பகுதியில் ஒரு தொழிற்பள்ளி. ஐ.நா. படையின் பெல்ஜிய வீரர்கள் சுமார் 90 பேர் அங்கே இருந்தார்கள் என்ற ஒரே தைரியத்தில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே தஞ்சம் புகுந்திருந்தார்கள், வெளியே அரிவாளோடு இன்டரஹாம்வே என்ற ஹுட்டு கொலைக் கும்பல் காத்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 11 அன்று வீரர்களுக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஜனங்கள் வண்டிகளை மறித்தார்கள், எங்களை அவர்கள் கையில் விடுவதற்கு நீங்களே சுட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். வண்டிகள் போய்விட்டன. அன்றைக்கே அவர்களை நியான்சா மேட்டுக்கு ஓட்டிப்போய் பெரும்பாலானவர்களைக் கொன்றார்கள். 2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் 'போகாதீர்கள்' என்று நின்ற நம் மக்களை நினைக்காமல் என்னால் இதைச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் என்ன நடந்தது? ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை கூடி, சுமார் 2,500 பேர் இருந்த ஐ.நா. படையை 270 ஆகக் குறைக்க முடிவு செய்தது. ஏகமனதான தீர்மானம் அது. அந்த வருஷம் சபையில் ருவாண்டா அரசுக்கும் ஓர் இடம் இருந்தது, கொலை செய்துகொண்டிருந்த அதே அரசின் பிரதிநிதியும் கை தூக்கினார். மே மாதம் 5,500 பேரை அனுப்ப மறுபடி முடிவு செய்தார்கள். ஜூலையில் டுட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படையான ருவாண்டா தேசபக்த முன்னணி ஜெயித்து, சுமார் 8 லட்சம் பேர் செத்து எல்லாம் முடிந்த பிறகும் அந்தப் படை முழுசாக வந்து சேரவில்லை.

சபை 270 என்று சொன்ன பிறகும் சுமார் 450 வீரர்களோடு டலேர் அங்கேயே இருந்தார், பெரும்பாலும் கானா நாட்டவர்கள். சரியான தளவாடம் கிடையாது. ஆனாலும் கிகாலியின் அமஹோரோ விளையாட்டு மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். செனகல் நாட்டு கேப்டன் ம்பாயே டியாக்னே, வெறுங்கையோடு சோதனைச் சாவடிகளைக் கடந்து கடந்து நூற்றுக்கணக்கானவர்களை மீட்டார், மே 31 அன்று மோர்ட்டார் குண்டு வெடித்து இறந்தார். அந்த 450 பேரால் இவ்வளவு முடிந்தது என்றால், ஏப்ரலில் வந்து திரும்பிப்போன படைகளால் எவ்வளவு முடிந்திருக்கும் என்ற கேள்வியைத்தான் அன்று வாக்களித்த ஒவ்வொரு அரசிடமும் நாம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.