துருப்பிடித்தவனுக்கு எடுத்துக் கொடுத்த ஆர்மோனியம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்குப் பிடித்த கதைப் புத்தகத்தைப் பாட்டு நாடகமாக மேடையேற்றுவது துணிச்சலான வேலை. புத்தகத்தைக் கிழியக் கிழியப் படித்த வாண்டுகள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். போன மாதம் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓஸ் மந்திரவாதி கதையைத் தமிழில் போட்டார்கள். தம்பி பேத்தியோடு போயிருந்தேன். சூறாவளி வீட்டைத் தூக்கிக்கொண்டு போனதுதான் தாமதம், "தாத்தா, டோட்டோவ எங்க காணோம்?" என்று ஆரம்பித்துவிட்டாள். டோட்டோ, கதையின் நாயகியான சிறுமி டோரத்தியின் நாய்க்குட்டி. மேடையில் அது இல்லவே இல்லை.

அதற்கும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பாம் இந்தக் கதையை வெளியிட்டது 1900இல். 1902இலேயே சிகாகோவில் இசை நாடகமாக்கிவிட்டார்கள். அதிலும் டோட்டோ கிடையாது. பதிலுக்கு இமோஜன் என்று ஒரு பசுமாடு! மாட்டு வேஷத்துக்குள் ஒரு நடிகர். கடைசி வரிசைக்காரருக்கும் தெரியட்டும் என்று செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். மறு வருஷம் அந்த நாடகம் நியூயார்க்குக்கும் போனது. பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்ப இங்க மாடாவது வந்திருக்கலாம்ல?" என்றாள்.

பாட்டுக்கு வருகிறேன். இப்போது பள்ளி விழாக்களில் பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இங்கே மேடையோரம் ஆர்மோனியமும் மிருதங்கமும் இருந்தன. ஆர்மோனியம் வாசித்தவர் ஸ்பெஷல் நாடகத்தில் ஊறியவர்.

இளைய நேயர்களுக்காக ஒரு வார்த்தை: ஸ்பெஷல் நாடகத்தில் கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், கோமாளியாக வரும் பபூன் வேறோர் ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. யார் எந்தச் சுருதியில் எடுப்பார், எங்கே நிறுத்துவார் என்பது ஆர்மோனியக்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. நடிகர் முகத்தைப் பார்த்தே வாசித்தாக வேண்டும்.

அந்தப் பழக்கம் அன்றைக்குக் கைகொடுத்தது. தகர மனிதனாக வந்த பையன் பல்லவி முடிந்ததும் அடுத்த வரியை மறந்து அப்படியே நின்றுவிட்டான். ஆர்மோனியம் நிற்கவில்லை. பல்லவியையே இன்னொரு சுற்று வாசித்தார், அதே மூச்சில் அடுத்த அடியின் முதல் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தார். பையன் பிடித்துக்கொண்டான். கதைப்படி தகர மனிதன் துருப்பிடித்து நிற்பவன்தானே! நடிப்பு என்று நினைத்துச் சபை கைதட்டியது.

சோளக்கொல்லைப் பொம்மைக்கும் டோரத்திக்கும் தர்க்கப் பாட்டு வைத்திருந்தார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் மல்லுக்கு நிற்பார்களே, அந்த மெட்டில். மூளையே இல்லை என்று புலம்புகிறவன் எதிர்க்கேள்வி போட்டு மடக்குகிறான். கதையே அந்தப் பாட்டில் நகர்ந்துவிட்டது. சிங்கத்தின் பாட்டு அப்படியில்லை. நீளம் அதிகம், கதை நின்றுபோனது. பாதியை வெட்டியிருக்கலாம்.

பிள்ளைகளை வைத்துப் பாட்டு நாடகம் போடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் பெரும் பெயர் எடுத்த டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக மேடையேறியது அதில்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்குப் பாட்டு நாடகம் யோசிக்கிறீர்கள் என்றால், ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுக்கிற பணத்தை நாடகக் கலைஞர் ஒருவருக்குக் கொடுங்கள். பங்குனி, சித்திரை வந்தால் கோயில் நாடகங்களுக்குப் போய்விடுவார்கள், பிடிக்க முடியாது. அதற்கு முன்னாலேயே பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். ஒத்திகைக்கும் கூப்பிடுங்கள், அவர்களுக்கே அது புது அனுபவமாக இருக்கும்.

வணக்கம்.